கையை உள்ளே விட்டாலே ஓடி ஒளியும் கெக்கோ: இது பழகுமா, இப்படியேதான் இருக்குமா?

ஸ்கார்பரோ_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மூன்று கிழமைக்கு முதல், மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கினோம். அவன் கேட்டது நாய். அடுக்குமாடியில் நாய் சரிவராது என்று பேரம் பேசிப் பேசிக் கடைசியில் பல்லியில் வந்து நின்றது. ஐந்து மாதக் குட்டி என்று கடையில் சொன்னார்கள். மஞ்சள் உடம்பு, மண்ணிறப் புள்ளிகள், அதனால் பெயர் பூந்தி.

பூந்திக்கு எங்களைக் கண்ணில் காட்ட ஏலாது. டேங்கின் மூடியைத் திறந்தாலே குகைக்குள் பாய்ந்துவிடும். மகன் கையை உள்ளே விட்டால் நான்கு காலிலும் எழும்பி நின்று, வாலைத் தூக்கி மெதுவாக அங்குமிங்கும் ஆட்டுகிறது, பார்த்தால் குட்டிப் பாம்பு மாதிரி இருக்கிறது. போன சனிக்கிழமை அவன் எப்படியோ பிடித்துவிட்டான், அது "கீச்" என்று கத்தியது. பல்லி கத்தும் என்று எனக்குத் தெரியும், ஆனால் இப்படி ஆள் பயப்படுகிற மாதிரிக் கத்தும் என்று தெரியாது. பொடியன் பயந்து கையை உதற, நல்லகாலம் டேங்குக்குள்ளேயே விழுந்தது. அதற்குப் பிறகு அவன் கிட்டப் போகிறதில்லை, தூர நின்று பார்த்துவிட்டு "அதுக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்கிறான்.

எங்களிடம் இருப்பது 20 கலன் டேங்க், நடுவில் ஒரு குகை, அடியில் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), மேலே ஒரு வெள்ளை பல்பு (இல்லாவிட்டால் ஒன்றும் தெரிகிறதில்லை), தரைக்குக் கிச்சன் பேப்பர். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இரவில் மீல்வேர்ம் புழு ஆறு ஏழு சாப்பிடுகிறது, கழிவும் சரியாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் கையில் வைத்திருக்கச் சொன்னார். வேலையிடத்தில் ஒருவர், பகலில் நித்திரையாக இருக்கும்போது தூக்கினால் ஓடாது என்கிறார். நான் தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. எது சரி? இது பழகுகிற சாதியா? வால் கழன்று விழுந்துவிடும் என்றும் சொல்கிறார்களே?

அம்மா வேறு, காசு குடுத்துப் பல்லி வாங்கின முதல் குடும்பம் நாங்கள்தான் என்று ஊருக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறா.

---

குரோய்டன்_கெக்கோ

அந்தக் கையுறையைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது போட்டால் உங்கள் விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது, முப்பது கிராம் கூட இல்லாத குட்டியை நசுக்கிவிடுவீர்கள். இந்த வயதில் அது கடித்தாலும் உடுப்பு மாட்டும் கிளிப் கவ்வின மாதிரித்தான் இருக்கும்.

பதினொரு வருடமாக வளர்க்கிறேன், இப்போது மூன்று லெப்பர்ட், கிரெஸ்டட் என்கிற இன்னொரு வகைக் கெக்கோ ஒன்று. பூந்தி செய்வது எல்லாமே ஐந்து மாதக் குட்டி செய்ய வேண்டியதுதான். இவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறைக்காட்டுப் பிராணிகள். அங்கே நரி, ஆந்தை, பாம்பு எல்லாவற்றுக்கும் இது ஒரு வாய் உணவு. மேலிருந்து நிழல் இறங்கினால் ஓடாத குட்டி அங்கே பிழைத்திருக்காது, அந்தப் புத்திதான் இதற்கும் வந்திருக்கிறது. உங்கள் மகன் கை வானத்திலிருந்து இறங்குகிறது, ஆந்தையும் அப்படித்தான் இறங்கும். அவனைப் பிடிக்காமல் இல்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள், பாவம்.

வாலை உயர்த்தி மெதுவாக ஆட்டினால் "தள்ளிப் போ" என்று அர்த்தம். அப்போது கையை வெடுக்கென்று இழுக்காமல், இருந்த இடத்தில் கொஞ்சம் வைத்திருந்து மெதுவாக வெளியே எடுங்கள். இன்னொரு ஆட்டம் இருக்கிறது, வால் நுனி மட்டும் கிலுகிலுப்பை மாதிரி வேகமாக நடுங்கும், அது இரையைப் பார்த்த உற்சாகம். இரண்டையும் பையனுக்குக் காட்டிக்கொடுங்கள், பிடிப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பது அவனுக்குச் சுவாரசியமாக இருக்கும்.

பகலில் தூங்கும்போது தூக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்திக்கும் விடியலுக்கும்தான் இது நடமாடும். நடுராத்திரியில் யாரோ போர்வையோடு உங்களைத் தூக்கினால் மறுநாள் அவரோடு காபி குடிப்பீர்களா?

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, இரண்டு வாரம் தொடாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், கழிவு எடுப்பது, அவ்வளவுதான். அதற்குள் டேங்கைச் சரி பண்ணுங்கள். ஒரே ஒரு குகை, அதுவும் நடுவில் என்றால், சூடு வேண்டுமா ஒளிய வேண்டுமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, எப்போதும் ஒளிவதைத்தான் தேர்ந்தெடுக்கும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரப் பாசியோ ஈரக் காகிதமோ போட்ட டப்பா ஒன்று (தோல் உரிக்கும்போது அது இல்லாவிட்டால் விரலில் பழைய தோல் இறுகிக்கொள்ளும்), மொத்தம் மூன்று மறைவிடம். இடையில் செயற்கை இலை, மரப்பட்டை, கழிவறைக் காகித உருளை, எதையாவது போட்டு நிரப்புங்கள். வெட்டவெளி குறையக் குறைய அது வெளியே வரும். கேட்க முரணாக இருக்கும், ஆனால் ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த கெக்கோதான் தைரியமாக உலாவும்.

ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் இன்றைக்கே வாங்குங்கள், மேட் கட்டுப்பாடில்லாமல் சூடேறி வயிறு வெந்த கெக்கோவை நான் பார்த்திருக்கிறேன். சூடான பக்கத் தரை 32, 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 வாக்கில். டிவி பக்கத்திலிருந்தும் நகர்த்திவிடுங்கள்.

---

ஜெர்சி_ராஜா

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இரண்டு வாரம், மூன்று வாரம் எல்லாம் இழுத்துக்கொண்டே போகும் வேலை. என்னுடையதை வாங்கிய மறுநாளிலிருந்து தினமும் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். முதல் நாலு நாள் துள்ளியது, ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது. இப்போது கையில் வைத்தால் சிலை மாதிரி இருக்கும். நாம் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று அது புரிந்துகொள்ளட்டுமே. கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை.

---

கால்நடை_கயல்

ராஜா அண்ணா, அந்தச் "சிலை மாதிரி" என்கிற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. நான் கால்நடை மருத்துவமனையில் டெக்னீஷியன், ஊர்வன கொண்டுவருபவர்கள் பாதிப் பேர் "ரொம்ப சாது, அசையவே அசையாது" என்றுதான் சொல்வார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டை படபடவென்று அடிக்க, உடம்பு விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது பழகியது அல்ல, தப்பிக்க வழியில்லை என்று விட்டுவிட்டது. பழகின கெக்கோ அசையும். நாக்கை நீட்டி நீட்டி உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கும், அடுத்த கைக்கு நடந்து போகும், சட்டைக்குள் தலையை விடும். உங்களுடையது அப்படியெல்லாம் செய்தால் சரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

வால் பற்றிக் கேட்டிருந்தார். கழலும், உண்மைதான். வால் எலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று மெலிந்த கோடுகள் இருக்கின்றன. பிடிபட்டோம் என்று தோன்றினால் தசையை இறுக்கி அந்த இடத்தில் தானே உடைத்துக்கொள்ளும், ரத்தம் அதிகம் வராது. என் முதல் கெக்கோ வந்த இரண்டாம் நாளே அக்கா பையன் வாலோடு சேர்த்துப் பிடித்துவிட்டான். வால் மட்டும் தரையில் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது, அவன் சோபா மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான், நான் அழுதேன். அதன் கொழுப்புச் சேமிப்பெல்லாம் வாலில்தான், சாப்பிடாத நாட்களுக்கு வைத்திருக்கும் உண்டியல் அது. அந்த உண்டியல் ஒரு நொடியில் போய்விட்டது. திரும்ப வளர்ந்தது, ஆனால் உள்ளே எலும்பு இல்லாமல் குருத்தெலும்பு, வெளியே வளையங்கள் இல்லாமல் டர்னிப் கிழங்கு மாதிரி உருண்டு வழவழவென்று. லெப்பர்டுக்காவது வளர்கிறது, குரோய்டன்காரர் வைத்திருக்கும் கிரெஸ்டட் வகைக்குப் போனால் போனதுதான். அப்படி நடந்தால் கண்ட களிம்பையும் பூச வேண்டாம், கிச்சன் பேப்பர் விரித்துச் சுத்தமாக வைத்து, சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். பூந்தியின் புள்ளிகள் மண்ணிறம் என்றீர்கள், கறுப்பு எங்கேயாவது இருக்கிறதா? கண் என்ன நிறம்? இன்னொன்று, நடக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிறதா, ஒரே இடத்தில் வட்டம் சுற்றுகிறதா, இரையைக் குறி தவறிக் கவ்வுகிறதா? எனிக்மா என்று ஒரு நிற வகை இருக்கிறது, அதில் நரம்புக் கோளாறு பரம்பரையாகவே வரும். அதைப் "பயந்த சுபாவம்" என்று நினைத்து வருடக்கணக்கில் பழக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள். ஆரோக்கியமான கெக்கோவின் கழிவிலும் சால்மொனெல்லா என்கிற கிருமி இருக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது, சின்னக் குழந்தைக்கு ஆகும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது.

---

ஸ்கார்பரோ_அப்பா

கயல், நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போச்சு. டார்ச் அடிக்காமல் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். கறுப்பு ஒரு பொட்டுக் கூட இல்லை. கண் வெள்ளி நிறம், நடுவில் கொஞ்சம் இளஞ்சிவப்பு ஓடுகிறது. பில்லைத் தேடி எடுத்தேன், "ட்ரெம்பர் அல்பினோ" என்று அதில் இருக்கிறது, நான் அதை வளர்த்தவரின் பெயராக்கும் என்று நினைத்திருந்தேன். தலை சாய்ப்பு, சுற்றுவது ஒன்றும் இல்லை, மீல்வேர்மைச் சரியாகக் குறி பார்த்துத்தான் கவ்வுகிறது.

ரெண்டு வயதில் மகள் இருக்கிறாள். டேங்க் அவளுக்கு எட்டாத உயரத்தில்தான், ஆனால் கிண்ணத்தை இவ்வளவு நாளும் சிங்கில்தான் கழுவினோம். மனைவி இதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது.

தெர்மோஸ்டாட் இல்லை. ஆர்டர் போட்டாச்சு, வரும்வரை மேட்டைக் கழற்றி வைக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கோ.

---

கால்நடை_கயல்

அப்படியென்றால் பூந்தி அல்பினோ என்கிற வெளிறிய நிற வகை, பாதி விடை அந்த வெள்ளை பல்பில் இருக்கிறது. அல்பினோவுக்குக் கண்ணில் மெலனின் என்கிற கருநிறப் பொருள் குறைவு, நமக்குச் சாதாரணமாகத் தெரியும் வெளிச்சம் அதற்குக் கூசும். கண்ணைத் திறக்கவே முடியாத வெளிச்சத்தில், பாதி குருடாக, ஒரு பெரிய கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், யாராக இருந்தாலும் ஓடுவார்கள். பல்பை எடுத்துவிடுங்கள். அறையின் சாதாரணப் பகல் வெளிச்சம் போதும், இரவில் ஒன்றும் வேண்டாம். பையனுக்குப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஹாலின் மறுமுனையில் ஒரு மங்கல் விளக்குப் போட்டுக்கொள்ளட்டும், பத்து நிமிடத்தில் அவன் கண்ணும் பழகிவிடும்.

மேட்டைக் கழற்ற வேண்டாம், சாப்பிட்டது செரிக்கச் சூடு வேண்டும். ஒரு தெர்மோமீட்டரின் நுனியை மேட்டுக்கு நேர் மேலே தரையில் வைத்து அடிக்கடி பாருங்கள், 34ஐத் தாண்டினால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இரண்டு நாள் கஷ்டம்தான்.

---

ஜெர்சி_ராஜா

வீடியோ எடுத்துப் பார்த்தேன். கண் மூடித்தான் இருக்கிறது. சரி, இனி வேறு மாதிரி பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று, எல்லாமே நாம் வைத்திருக்கும் விதத்தில்தான் என்று சொல்லிவிட முடியாது. சிலது பிறவியிலேயே முரடு என்று படித்த ஞாபகம்.

---

குரோய்டன்_கெக்கோ

ராஜா, வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே வந்து சொன்னீர்களே, அதற்கே ஒரு சலாம்.

பிறவிக் குணம் பற்றிச் சொன்னதும் சரிதான். லெப்பர்டில் ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடு தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32.5 வாக்கில் பெரும்பாலும் ஆண், 34க்கு மேல் போனால் திரும்பவும் பெண். அந்த அதிகச் சூட்டில் பொரித்த பெண்கள் மற்றப் பெண்களைவிட முரட்டுத்தனமாக இருப்பதை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கியதற்கு எந்தச் சூட்டில் பொரித்தது என்று யாருக்குத் தெரியும், அதனால் இதை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்கார்பரோக்காரரே, இரண்டு வாரம் முடிந்ததும் நான் செய்வதைச் சொல்கிறேன். மகன் ஒரு பழைய பனியனை ஓரிரவு போட்டுத் தூங்கட்டும், அதில் உள்ளங்கையளவு துண்டு வெட்டிக் குகை வாசலில் போடுங்கள். கெக்கோ நாக்கை நீட்டுவது சும்மா இல்லை, காற்றிலிருக்கும் வாசனையை எடுத்து மேல்வாயில் இருக்கும் உறுப்புக்குக் கொடுக்கிறது. அவன் வாசனை டேங்கில் எப்போதும் இருந்து, அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை என்றால் அது அதற்குப் பழகும்.

அப்புறம் இருட்டும் நேரத்தில் கையைப் பக்கவாட்டில், தரையோடு தரையாக, உள்ளங்கை மேலே பார்க்க வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். பத்து நிமிடம். தொடக்கூடாது, துரத்தக்கூடாது, அது வராவிட்டால் வரவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு இதுதான் கஷ்டம், என் மகள் இந்த நேரத்தில் வாய்ப்பாடு சொன்னாள், பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் ஆகிவிட்டது. கை கழுவிவிட்டு வைக்கட்டும், சாப்பாட்டு வாசனை இருந்தால் விரலைப் புழு என்று நினைத்துக் கவ்வும். அதே காரணத்துக்காக மீல்வேர்மை விரலால் கொடுக்காதீர்கள், நுனி மழுங்கிய இடுக்கியால் கொடுங்கள்.

ஒரு நாள் வந்து நக்கும். மறுநாள் முன்னங்காலை வைத்துப் பார்க்கும். அன்றைக்கு எல்லோருக்கும் உடனே மூடித் தூக்கிவிடக் கை துறுதுறுக்கும், அதைச் செய்தால் ஒரு மாத வேலை போச்சு. நான்கு காலும் வைத்து அதுவே நின்றால்கூட முதல் சில தடவை தூக்காமல், அதுவே இறங்கிப் போகட்டும் என்று விடுங்கள்.

தூக்குகிற நாள் வந்ததும் குளியலறைத் தொட்டிக்குள் போய் உட்காருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல இடம் இல்லை. காய்ந்த தொட்டி, தண்ணீர் போகும் துளையை அடைத்து, ஒரு துண்டு விரித்து, நீங்களும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அதை விடுங்கள். லெப்பர்டுக்கு நம் வீட்டுப் பல்லி மாதிரி ஒட்டும் பாதம் கிடையாது, வழுக்கும் சுவரில் ஏற முடியாது. குதித்தாலும் அரை அடிதான். ஓடுவதற்கு இடமே இல்லாத சமவெளியில் நீங்கள்தான் ஒரே மலை, தானாக உங்கள் மேல் ஏறும். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு நடக்க விட்டு, முதல் கையைத் திரும்ப முன்னால் வைத்துக்கொண்டே போங்கள். ஐந்து நிமிடம் போதும். சாப்பிட்ட அன்றும், உடம்பு வெளிறித் தோல் உரிக்கத் தயாராகும் நாட்களிலும் வேண்டாம்.

---

சிங்கை_சிட்டு

இங்கே சிங்கப்பூரில் ஊர்வன வளர்க்க வேண்டுமென்றால் இரண்டு வகை ஆமைக்குத்தான் அனுமதி, கெக்கோ கிடையாது. அதனால் இதையெல்லாம் படித்துத்தான் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன். பூந்தி படம் போடுங்கள் சார்.

---

ஸ்கார்பரோ_அப்பா

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்க வேணும்.

பல்பைக் கழற்றின அன்றிரவே அது வெளியே வந்து டேங்கைச் சுற்றி நடந்தது. அதற்கு முன் நாங்கள் அது நடந்து பார்த்ததே இல்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறோம். இப்போது மூன்று மறைவிடம், டேங்க் சாப்பாட்டு அறை மூலையில், ஹாலின் சத்தமெல்லாம் தூரத்தில்.

பனியன் துண்டில் போய்ப் படுத்துவிட்டது, குகை இருக்கக் குகையில் இல்லை. மகன் கையை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்ல மாட்டான் என்றான், ஹாக்கி வீரர்களின் பெயர்களை அணி அணியாகச் சொன்னான். பதின்மூன்றாம் நாள் நடுவிரலை நக்கியது. அவன் சிரித்தால் கை ஆடிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒரு தரம் நான் அவசரப்பட்டு மூடியைச் சத்தமாகத் திறந்து எல்லாம் கெட்டு, நாலைந்து நாள் திரும்பவும் வாலாட்டம். போன கிழமை குளியல் தொட்டி. ஏறி, கை வழியாகத் தோளுக்குப் போய், கழுத்துப் பக்கம் சட்டைக் கொலருக்குள் இருந்துகொண்டது. எடுக்க மனம் வரவில்லை என்று இருபது நிமிடம் இருந்தான், நீங்கள் சொன்ன ஐந்து நிமிடத்தை மீறினோம், திட்டாதேயுங்கோ.

அம்மா இப்போது இரவில் கதிரை போட்டு டேங்குக்கு முன்னால் இருக்கிறா. தொட மாட்டா. "இது பல்லியில்லையடா, பல்லிக்குக் கண் மூடத் தெரியாது, இது இமைக்குது" என்றா. தேடிப் பார்த்தேன், சரிதான், வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை இல்லை, கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைக்கும், லெப்பர்டுக்கு இமை இருக்கிறது. எழுபத்திநாலு வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறா.

ஒரு பிரச்சினை மட்டும் மிச்சம். மகனிடம் இவ்வளவு போகிறது, என்னைக் கண்டால் இன்னும் ஓடுகிறது. டேங்க் துப்புரவு செய்கிறது நான், ஒவ்வொரு தரமும் அதைப் பிடித்து டப்பாவில் போட்டுத்தான் செய்கிறேன்.

---

குரோய்டன்_கெக்கோ

பிடிக்காதீர்கள். அது குளிர்ந்த பக்கக் குகைக்குள் இருக்கும் நேரம் பார்த்து, குகை வாசலை உள்ளங்கையால் மறைத்து, அடியில் ஒரு மெல்லிய தட்டைச் செருகிக் குகையோடு சேர்த்தே டப்பாவுக்கு மாற்றுங்கள். தூங்குகிற ஆளைக் கட்டிலோடு தூக்குகிற மாதிரி. அப்புறம் உங்கள் பனியனிலும் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

---

ஸ்கார்பரோ_அப்பா

வெட்டிப் போட்டாச்சு. மகனுடைய துண்டுக்கு மேலேயே படுத்திருக்கிறது, என்னுடையதைச் சுற்றிப் போகிறது. பார்ப்போம்.